சாமண அண்ணை சாப்பிட்ட மீன்

சாமண அண்ணை பயந்து ஓடிவிட்டார் என்றுதான் நான் நம்பினேன். வெள்ளிக்கிழமை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து, போட்டுவந்த ஜாக்கெட்டைக்கூட எடுக்காமல் அவர் படியிறங்கிப் போனபோது நம்பினேன். சனிக்கிழமை அவருடைய பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று கத்தியபோது நம்பினேன். ஞாயிறு மாலை, கோவில் நிறைந்த சனத்துக்கு முன்னால், பாட்டுக் கொப்பியைப் பிடித்தபடி நின்றபோதும் அதையேதான் நம்பினேன். இந்த மூளையை வைத்துக்கொண்டு ஜேர்மனியில் இத்தனை காலம் எப்படித் தப்பிப் பிழைத்தீர்கள் என்று என் மனைவி ரஞ்சி கேட்கிறாள். நியாயமான கேள்வி.

ஆனால் நான் நம்பியதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. பால்டிக் கடல் தொடங்கி ஆல்ப்ஸ் மலை வரை வீடு வீடாகக் கதவைத் தட்டித் தேடினாலும், மீன்முள்ளுக்கு சாமண அண்ணை அளவுக்குப் பயந்த இன்னொரு மனிதரைக் கண்டுபிடிக்க ஏலாது. இத்தனைக்கும் பிறந்தது மன்னாரில், மீன்பிடிக் குடும்பத்தில். தகப்பன் கடலுக்குப் போனவர், தமையன்மார் கடலுக்குப் போனவர்கள். இவர் மட்டும் மீனைக் கண்டால் ஒரு அடி பின்னால் தள்ளி நிற்பார். சாப்பிடவே மாட்டார். ஜேர்மனிக்கு வந்த நாளிலிருந்து ஒரு நெத்தலியைக்கூட வாயில் வைத்ததில்லை என்று பெருமையாகச் சொல்லுவார்.

தான் சாப்பிடாவிட்டாலும் மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. அதற்காகவே சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சாமணம் வைத்திருப்பார். பெண்கள் புருவமயிர் பிடுங்குவார்களே, அந்தச் சின்னச் சாமணம்தான். கூடவே பேனா அளவில் ஒரு ரோச் லைட். ஜாக்கெட் பையில் ஒரு வாழைப்பழம். முள் சிக்கினால் உடனே விழுங்குவதற்கு. அது கறுக்கக் கறுக்க மாற்றிக்கொண்டிருப்பார். லண்டனுக்குப் போகும்போது விமான நிலையத்தில் இவற்றை வெளியே எடுத்து வைக்கச் சொன்னார்களாம். வாழைப்பழம் எதற்கு என்று அதிகாரி கேட்க, "அவசரத்துக்கு" என்றாராம். அதற்குப் பிறகு அவரைத் தனியாக ஒரு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனது எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை.

இங்கே பெப்ரவரித் தொடக்கத்தில் கத்தோலிக்கக் கோவில்களில் தொண்டைக்கு ஆசீர் கொடுப்பார்கள். குருவானவர் இரண்டு மெழுகுதிரிகளைச் சிலுவைபோல் கட்டி, ஆட்களின் கழுத்துக்கு முன்னால் பிடித்துச் செபிப்பார். மற்றவர்கள் ஒரு கோவிலில் ஒரு தரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அண்ணை ட்ராமில் ஏறி, எங்கள் கொலோன் நகரில் எத்தனை பங்குக்கோவிலுக்குப் போக முடியுமோ அத்தனைக்கும் போவார்.

"ஏன் அண்ணை, ஒண்டு காணாதோ?"

"தம்பி, ஒண்டு பிடிக்காட்டில் மற்றது பிடிக்கும்."

காது மூக்குத் தொண்டை டொக்டரிடமும் வருடத்துக்கு ஒரு டெர்மின், அதாவது பார்க்கப் போகிற நேரம், எடுத்து வைத்திருப்பார். டொக்டர் குழாய் விட்டுப் பார்த்து, "உங்கள் தொண்டையில் ஒன்றுமே இல்லை" என்பார். அண்ணை தலையை ஆட்டி, "இப்ப இல்லை" என்று சொல்லிவிட்டு வருவார்.

ஏன் இந்தப் பயம் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். எனக்குச் சொன்ன கதையில் முள் சிக்கியது அவருடைய பெரியப்பாவுக்கு. ரஞ்சிக்குச் சொன்ன கதையில் அது ஒரு பூனை. பூனைக்கு எப்படி முள் சிக்கும் என்று ரஞ்சி கேட்டதற்கு, "அதுதான் தங்கச்சி, பூனைக்கே சிக்கியிருக்கு. அப்ப எங்கட நிலைமையை யோசியுங்கோ" என்றார். அவள் அன்றைக்கு மீன்கறியைத் தொடவில்லை.

அவர் எங்கள் கட்டடத்தில் கீழ்த்தட்டில் குடியிருக்கிறார். நாங்கள் மூன்றாம் மாடி. அவருக்குப் பொதிகள் பிரிக்கிற நிலையத்தில் வேலை. சொந்தப் பெயர் கதவு மணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஆனால் அதை வாசித்துப் பார்த்த தமிழர் எவரும் இல்லை.

இனி என்னைப் பற்றி. நான் எங்கள் பங்குக்கோவிலின் ஜேர்மன் பாடகர் குழுவில் அடிக்குரல் வரிசையில் பாடுகிறேன். 'பாடுகிறேன்' என்பது கொஞ்சம் கூடின சொல். கஷ்டமான இடங்களில் வாயை மட்டும் அசைப்பேன். அடுத்தவர் பாடுவது என் வாயிலிருந்து வருவதுபோலவே இருக்கும்.

போன தவக்காலத்தில் ஒரு பெரிய திருப்பாடுகளின் இசை நிகழ்ச்சி ஏற்பாடானது. ஒரு முழுக் குளிர்காலமும் பயிற்சி. தனிக்குரல் பாட ஹனோவரிலிருந்து ஒரு பாடகியை அழைத்திருந்தார்கள். இப்படி வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் குழுவில் உள்ள ஒருவர் தன் வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு கொடுப்பது இங்கே வழக்கம். "யார் வீட்டில் இடம் இருக்கிறது?" என்று குழுவை நடத்துகிற அம்மா கேட்டபோது எல்லாரும் தங்கள் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. விருந்தாளி என்ற சொல் காதில் விழுந்தால் மூளைக்குத் தெரியாமல் கை உயர்ந்துவிடும். என் கை உயர்ந்துவிட்டது.

பாடகி மின்னஞ்சல் அனுப்பினார். மிக மரியாதையான கடிதம். இறைச்சி சாப்பிடுவதில்லை. பாடுவதற்கு முதல் பாலும் மிளகாயும் தொண்டைக்கு ஆகாது. மீன் நல்லது. ஆனால் பண்ணையில் வளர்த்த மீன் வேண்டாம்; கடலில் பிடித்த லாக்ஸ் என்றால் மிக்க மகிழ்ச்சி. லாக்ஸ் என்பது நாங்கள் சால்மன் என்று சொல்லுகிற மீன்.

கடிதத்தைப் படியில் வைத்து அண்ணைக்கு வாசித்துக் காட்டியதுதான் நான் செய்த பிழை. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தார்.

"தம்பி, அவ பாட்டுக்காறி."

"ஓம் அண்ணை."

"அவவின்ர சொத்தே தொண்டைதான்."

"ஓம் அண்ணை."

"அந்தத் தொண்டைக்குள்ள நீர் மீனை விடப்போறீர்."

அதுவரைக்கும் எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. அந்த நிமிடத்திலிருந்து எனக்கும் பிடித்துக்கொண்டது. கோவில், சனம், குளிர்காலம் முழுக்கப் பயிற்சி எடுத்த குழு, நடுவில் வாயைத் திறந்து சத்தம் வராமல் நிற்கிற பாடகி, பின்வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற ஒரேயொரு கறுத்த முகம். எல்லாம் படம்போல் ஓடியது.

"ஃபிலே எண்டால் முள் இல்லாத துண்டுதானே அண்ணை?" என்றேன். இப்படித்தான் நான் உண்மையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "வாரும். நானும் கடைக்கு வாறன்."

வெள்ளி காலை மீன் கடைக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் ஐஸ் மேல் இரண்டு விதமான லாக்ஸ் கிடந்தது. ஒன்று வெளிறிய செம்மஞ்சள், வெள்ளைக் கொழுப்புக் கோடு ஓடினது. மற்றது மெல்லிசு, கோடு இல்லை, அடுப்புத் தணல் மாதிரிச் சிவப்பு.

"தம்பி, உதென்ன நிறம்?"

"கடல்ல பிடிச்சது இப்பிடித்தான் சிவப்பா இருக்குமாம் அண்ணை."

"ஆர் சொன்னது?"

"இன்டர்நெட்."

"இன்டர்நெட்டுக்குத் தொண்டை இருக்கோ?"

ரோச்சை எடுத்தார். கண்ணாடிமேல் குனிந்து ஒவ்வொரு துண்டாக வெளிச்சம் அடித்துப் பார்க்கத் தொடங்கினார். எங்களுக்குப் பின்னால் வரிசை வளர்ந்தது. ஒரு வயதான ஜேர்மன் அம்மா முன்னால் எட்டி, "நீங்கள் சுகாதார அலுவலகமா?" என்று கேட்டார். அண்ணைக்கு அவசரத்தில் ஜேர்மன் பாஷை விளங்காது. விளங்காவிட்டால் "யா", அதாவது ஆம், என்பார். "யா" என்றார். கடைக்காரப் பெண் நிமிர்ந்து நின்றாள். கையுறையைக் கழற்றிப் புதிதாக மாட்டினாள். நடுத்துண்டாகப் பார்த்து எடுத்தாள். மீன் கப்பலிலேயே உறைய வைக்கப்பட்டது, இன்று காலைதான் இளக வைத்தோம், ஆகவே புழுவைப் பற்றிய கவலையே வேண்டாம் என்று கேட்காமலே ஒப்புவித்தாள்.

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதுவரை நாங்கள் முள்ளுக்கு மட்டும்தான் பயந்துகொண்டிருந்தோம்.

"முள்?" என்று நான் கேட்டேன்.

"அநேகமாக இல்லை" என்றாள்.

அண்ணை என் கையைப் பிடித்தார். "அநேகமாவோ? தம்பி, பிளேனில ஏறேக்க பைலட் வந்து, 'அநேகமா இறக்கிப்போடுவன்' எண்டு சொன்னா நீர் ஏறுவீரோ?"

நாலு துண்டு வாங்கினோம். பாடகிக்கு ஒன்று, ரஞ்சிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நாலாவது ஏன் என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டு விருந்துக்கு வந்ததில்லை. சாப்பிடுகிற ஆளுக்கு ஒரு துண்டு என்று எண்ணி வைத்தால் அதற்குப் பெயர் விருந்தா? தட்டில் மிச்சம் கிடக்க வேண்டும். கிடக்காவிட்டால் ரஞ்சி வெட்கத்தில் வெளியே தலைகாட்ட மாட்டாள்.

பின்னேரம் அண்ணை எங்கள் குசினியில் வேலையைத் தொடங்கினார். பலகையில் துண்டை வைத்து, கண்ணை மூடி, நடுவிரல் நுனியால் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் தடவுவார். பியானோக்காரர் கெட்டார். விரல் ஓரிடத்தில் நிற்கும். "இந்தா இருக்கிறார்" என்பார், ஏதோ தெரிந்த ஆளைச் சந்தித்ததுபோல. சாமணத்தால் பிடித்து, முள் சாய்ந்திருக்கிற பக்கமாகவே இழுப்பார். நிமிர்த்தி இழுத்தால் சதை கிழியுமாம். எடுத்த முள்ளை வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்குவார். பிறகு திரும்பவும் முதலிலிருந்து தடவுவார். பிறகு திரும்பவும்.

"அண்ணை, உந்த வேகத்தில போனா உயிர்ப்பு ஞாயிறுக்குத்தான் சாப்பிடலாம்."

"அவசரப்பட்டவையெல்லாம் எங்க இருக்கினம் எண்டு தெரியுமோ?"

நான் தெரியாது என்றேன். அவருக்கும் தெரியவில்லை போல. அடுத்த முள்ளைத் தேடத் தொடங்கினார்.

ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். எங்கள் ஆட்களுக்கு ஆறு என்றால் ஏழரை. அந்தக் கணக்கில்தான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. சரியாக ஆறுக்கு மணி அடித்தது. மூன்று துண்டு முடிந்திருந்தது. நாலாவது பலகையில் கிடந்தது. அண்ணையின் சாமணம் அந்தரத்தில் நின்றது.

ரஞ்சி அப்போதுதான் முதியோர் இல்லத்து வேலையிலிருந்து வந்து சேலை மாற்றியிருந்தாள். குசினிக்குள் வந்து நிலைமையைப் பார்த்தாள். பாடகியை வரவேற்க ஓடுவதற்கு முதல் சட்டம் போட்டாள்.

"அண்ணை, இஞ்ச கேளுங்கோ. மேசையில சாமணம் வரக்கூடாது. ரோச் வரக்கூடாது. முள் எண்ட சொல்லே வரக்கூடாது. ஜேர்மனிலயும் வரக்கூடாது. நாளண்டைக்குப் பாடப்போற பிள்ளை. நீங்கள் சொன்னாலே அவவுக்குத் தொண்டை அடைச்சிடும்."

"ஓம் தங்கச்சி."

"சாமணத்தைத் தாங்கோ."

அவர் தந்தார். சரணடைந்து துவக்கை ஒப்படைக்கிற ஆள்போலத் தந்தார். ரஞ்சி அதைக் கரண்டிகள் கிடக்கிற இழுப்பு லாச்சிக்குள் போட்டு மூடினாள்.

நான் அடுப்பை மூட்டினேன். மஞ்சள், உப்பு, மிளகுத்தூள், தேசிக்காய்ப் புளி. அவ்வளவுதான். தோல்பக்கம் கீழே வைத்துச் சட்டியில் போட்டேன். இந்த மீனில் கொழுப்பு இல்லை. கொஞ்சம் கூட வெந்தால் வைக்கோல் ஆகிவிடும் என்று வாசித்திருந்தேன். கொஞ்சம் குறைய வெந்தால் புழு. அண்ணை பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். காய்ச்சல் பார்க்கிற தேர்மோமீற்றர்.

"புதுசு தம்பி. இன்னும் ஒருத்தர்ர வாயிலயும் வைக்கேல்ல."

நான் மறுப்பதற்குள் மீனின் பக்கத்திலிருந்து வெள்ளையாக ஏதோ முளைத்தது. ஒன்று, பிறகு இன்னொன்று. சின்னதாக, உருண்டையாக, மெதுவாக வெளியே வந்தன.

"புழு!" என்றார் அண்ணை, மூச்சை மட்டும் விட்டு. "சூடு தாங்காமல் வெளிய வருகினம்!"

சட்டியை யன்னலால் எறிவதற்கு நான் தூக்கியே விட்டேன். கீழே பாடகியின் கார் நின்றதால்தான் எறியவில்லை. ரஞ்சி வந்து கரண்டியால் ஒன்றை வழித்து, விரலால் நசுக்கி, என் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். "முட்டை வெள்ளைக் கரு மாதிரி. மீனின்ர சத்து. சூடு பட்டால் உறையும். முதியோர் இல்லத்தில ஒவ்வொரு வெள்ளியும் பாக்கிறன். இரண்டு ஆம்பிளையளும் கொஞ்சம் மூச்சு விடுங்கோ."

மூச்சு விட்டோம். நாலாவது துண்டையும் பொரித்தேன். பெரிய தட்டில் நாலையும் அடுக்கினேன். முள் எடுக்காத துண்டின்மேல் அண்ணை ஒரு கறிவேப்பிலை இணுக்கை வைத்தார். "இது வடிவுக்கு மட்டும். ஒருத்தரும் தொடப்படாது."

பாடகி அருமையான பெண். முப்பது வயது மதிக்கலாம். கழுத்தில் தடித்த கம்பளிச் சால்வை, அதை மேசையிலும் கழற்றவில்லை. சோறு, பருப்பு, மிளகாய் போடாத கத்தரிக்காய், மீன். ஒவ்வொரு வாய்க்கும் "அற்புதம்" என்றார். நாங்கள் மூன்று பேரும் அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் விழுங்கும்போது நாங்களும் விழுங்கினோம். ஒருதரம் அவர் தண்ணீர் குடிக்கக் கையை நீட்ட, அண்ணை பாதி எழுந்துவிட்டார். ரஞ்சி மேசைக்குக் கீழால் உதைத்தாள். உதை என் காலில் விழுந்தது.

துண்டு முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ரஞ்சியின் தொலைபேசி அடித்தது. வேலைத்தலத்திலிருந்து யாரோ முறை மாற்றக் கேட்கிறார்கள். அவள் நடைப்பக்கம் போனாள். நான் பாடகிக்கு இஞ்சித் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். தண்ணி கொதிக்கிற நேரம்தான் அங்கே நின்றேன்.

தேத்தண்ணியோடு திரும்பியபோது தட்டு வெறுமையாக இருந்தது.

நாலாவது துண்டைக் காணவில்லை. பாடகி வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணை எழுந்து நின்றார். முகம் சாம்பல். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையை எனக்கு ஆட்டினார். வாறன் என்றதா, வேண்டாம் என்றதா விளங்கவில்லை. வாசலில் கிடந்த என் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாடகி அந்தத் துண்டைச் சாப்பிட்டுவிட்டார். அண்ணை பார்த்துக்கொண்டிருந்தும் தடுக்க முடியாமல், நடக்கப்போவதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், பயந்து ஓடிவிட்டார்.

"தேத்தண்ணி நடுங்குகிறதே" என்றார் பாடகி.

"ட்ராம் போகிறது" என்றேன். எங்கள் தெருவில் ட்ராம் இல்லை.

ரஞ்சியிடம் குசினியில் வைத்துச் சொன்னேன். அவளும் வெளிறிப்போனாள். "கேளுங்கோவன், தொண்டையில ஏதும் குத்துதோ எண்டு."

"நீதானே அந்தச் சொல் வரக்கூடாதெண்டு சட்டம் போட்டனி."

"முள் எண்டுதான் சொல்லக்கூடாது. குத்துதோ எண்டு கேக்கலாம்."

நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இருந்தால் நான் ஏன் பின்வரிசையில் வாயசைக்கிறேன்? அதற்குப் பதிலாக அன்றும் மறுநாளும் பாடகிக்கு வாழைப்பழமாகக் கொடுத்தேன். காலையில் வாழைப்பழம். மத்தியானம் வாழைப்பழம். "உங்கள் நாட்டு வழக்கமா?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

சனி காலை அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி என் வீட்டு நடையிலேயே அடித்தது. அவருடைய தொலைபேசி, அவர் விட்டுப்போன ஜாக்கெட்டுக்குள், அவசர வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. புத்தியுள்ளவன் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். நான் கீழே போய்க் கதவைத் தட்டினேன். சத்தம் இல்லை.

"அண்ணை, ஒளிச்சிருக்காதேங்கோ! எனக்கும் பயம்தான்! ரெண்டு பேருமாப் பயப்பிடுவம், திறவுங்கோ!"

எதிர்க்கதவு திறந்து ஒரு ஜேர்மன் தலை எட்டிப் பார்த்தது. நான் மாடிக்கு ஏறிவிட்டேன்.

அன்று பின்னேர ஒத்திகையில் பாடகி இரண்டுதரம் தொண்டையைச் செருமினார். முதல் செருமலில் என் கொப்பி கீழே விழுந்தது. இரண்டாவதில் நான் விழாமல் நின்றது பக்கத்தில் நின்ற தடித்த மனிதரின் தோளால்.

ஞாயிறு மாலை. கோவில் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் அண்ணைக்கென்று ரஞ்சி பிடித்து வைத்த கதிரை காலியாகக் கிடந்தது. பாடகியின் முறை வந்தது. எழுந்தார். சால்வையைக் கழற்றினார். கையைத் தொண்டையில் வைத்தார்.

அந்தக் கை அங்கேயே இருந்தது. இசைக்கருவிகள் முன்னிசையைத் தொடங்கிவிட்டன. கை அங்கேயே இருந்தது. நான் கடவுளிடம் பேரம் பேசத் தொடங்கினேன். இனிமேல் வாயசைக்க மாட்டேன், உண்மையாகவே பாடுவேன் என்றேன். கேட்கிறவர்களை நினைத்து அதை உடனே வாபஸ் வாங்கினேன். அண்ணையைக் குறைசொன்னேன். ஓடின மனுஷன் என்னையும் கூட்டிக்கொண்டு ஓடியிருக்கலாமே என்றேன்.

பாடகி கையை இறக்கினார். பாடினார்.

எப்படிப் பாடினார் என்று எழுத எனக்குச் சொல் இல்லை. சத்தம் கூரைக்குப் போய், அங்கே கொஞ்சம் நின்று, மெதுவாக எங்கள்மேல் இறங்கியது. ஒரு முள்கூட அதில் இல்லை. நான் அழுதுகொண்டு, குழு பாட வேண்டிய இடத்துக்கு ஒரு சொல் முன்னதாகவே பாடிவிட்டேன். அதுவும் உண்மையான சத்தத்தில்.

முடிந்தபிறகு பாடகி எங்களிடம் வந்து விடைபெற்றார். "உங்கள் நண்பர் வரவில்லையா? மீன்மேல் அவருக்கு எவ்வளவு ஆசை! நீங்கள் இரண்டு பேரும் எழுந்து போனபிறகு அந்தக் கடைசித் துண்டை எடுக்கலாமா என்று நான் முள்ளுக்கரண்டியை நீட்டினேன். அவர் தட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்து, எனக்கு முன்னாலேயே முழுவதும் சாப்பிட்டுவிட்டார். இலைகூட மிஞ்சவில்லை!" என்று சொல்லிச் சிரித்தார்.

ரஞ்சி என்னைப் பார்த்தாள். நான் ரஞ்சியைப் பார்த்தேன். பாடகிக்கு எங்கள் முகம் விளங்கியிருக்காது.

ரஞ்சி அந்த இடத்திலேயே நின்று ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைபேசி எடுத்தாள். இரண்டாவதில் ஆள் இருந்தார். வெள்ளி இரவே தனியாக ட்ராம் எடுத்து, வாயைத் திறக்காமல், கையால் தொண்டையைக் காட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறார். முள்ளை எடுத்துவிட்டார்கள். உள்ளே கொஞ்சம் கீறியதால் பார்த்துக்கொள்ளத் தங்கவைத்திருந்தார்கள்.

நாங்கள் போனபோது கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டிலுக்குக் கீழே என் செருப்பு. கதைக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். என்னைக் கண்டதும் கையால் கிட்ட வரச் சொன்னார். காதை வைத்தேன்.

"பாடினவவோ?"

"பாடினவ அண்ணை. வடிவாப் பாடினவ."

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அலமாரியைக் காட்டினார். ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தல். அதற்குள் நூல்போல ஒரு முள்.

"பாத்தீரோ? இருக்கு" என்றார், காற்றுக் குரலில். அத்தனை வருட டெர்மின்களும் வீண்போகவில்லை என்கிற சந்தோஷம் முகத்தில் இருந்தது. "தம்பி, அவையின்ர சாமணம்... இவ்வளவு நீளம். எங்க வாங்கலாமெண்டு டொக்டரைக் கேட்டுச் சொல்லும்."

கோவிலில் கண்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்திருந்த அவருடைய சின்னச் சாமணத்தை ரஞ்சி கைப்பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள். நான் கேட்டேன்.

"துண்டை எடுத்தது சரி. ஏன் அண்ணை சாப்பிட்டனீங்கள்? சும்மா தட்டில வச்சிருக்கலாமே?"

"எடுத்திட்டுச் சாப்பிடாமல் இருந்தா அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? மீன் பழுதெண்டு நினைக்கும். பிறகு பயப்பிடும்." கொஞ்சம் மூச்சு எடுத்தார். "பயத்தோட பாட ஏலாது தம்பி."

தாதி வந்து கதைக்க வேண்டாம் என்று அவரைக் கண்டித்தாள். அவர் "யா" என்றார்.

அவர் ஓடவில்லை. முள் எடுக்காத துண்டு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது எதுவென்று அவருக்குத் தெரியும். கறிவேப்பிலையை வைத்தவர் அவர்தான். பாடகி கையை நீட்டினார். அவர் சாப்பிட்டார்.